ஞான ஒடுக்கமும் துறைமுகத்துத் தந்தையரும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு சமூகவரலாற்று நோக்கு

தமிழ்க் கத்தோலிக்கர் இன்று 'தியானம்' என்று சுருக்கமாக வழங்கும் சமயப் பயிற்சிக்கு முன்னோர் இட்ட பெயர் 'ஞான ஒடுக்கம்' என்பதாகும். சைவ சித்தாந்தம் பயின்றோருக்கு ஒடுக்கம் என்னும் சொல் புதியதன்று. தோன்றி நின்ற உலகு மீளத் தன் மூலத்தில் அடங்குவதை அது குறிக்கும். அச்சொல்லைக் கத்தோலிக்கர் எடுத்தாண்டபோது பழைய பொருளோடு புதியதொரு பொருளும் வந்து சேர்ந்தது: உலக அலுவல்களினின்றும் குறித்த காலத்துக்கு விலகி, ஒரு நெறியாளரின் கண்காணிப்பில் மௌனமாக இருத்தல். 'ஒடுக்குதல்' என்னும் பிறவினைக்கு நமது அரசியல் வழக்கில் உள்ள பொருளை இவ்விடத்தில் நினைவுகூர்வது குறும்பாகத் தோன்றலாம். எனினும் சொற்கள் வரலாற்றுக்கு வெளியே வாழ்வனவல்ல.

தந்தையரும் அவர்தம் பதின்பருவ மைந்தரும் சேர்ந்து பங்குகொள்ளும் வார இறுதித் தியானம் இந்நிறுவனத்தின் அண்மைக்கால வடிவங்களுள் ஒன்று. வெள்ளி மாலை கூடுவர். ஞாயிறு நண்பகல் கலைவர். இடையே பிரசங்கங்கள், சிலுவைப்பாதை, பாவசங்கீர்த்தனம், திருப்பலி. தந்தை மகனுக்கும் மகன் தந்தைக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பது சில நாடுகளில் வழக்கமாகியுள்ளது. இதனைப் பக்தியின் வெளிப்பாடு என்று மட்டும் கொண்டு விலகிச் செல்வது எளிது. மக்களை மயக்கும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது அதனினும் எளிது. இவ்விரண்டையும் தவிர்த்து, இவ்வடிவம் எத்தகைய சமூக உறவுகளின் விளைபொருள் என்பதையும், திருகோணமலைத் துறைமுகப் புலம் போன்றதொரு களத்தில் அது எவற்றை எதிர்கொள்ள வேண்டியதாகிறது என்பதையும் நோக்குதல் பயனுடைத்து.

மூலத்தை முதலிற் காண்போம். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த இஞ்ஞாசியார் தமது அனுபவங்களைக் குறிப்புகளாக எழுதத் தொடங்கினார். அவை விரிந்து 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலாகி, 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றன. முழுமையான பயிற்சிக்கு ஏறத்தாழ முப்பது நாள் வேண்டும். முப்பது நாள் வேலையைவிட்டு விலகியிருக்க யாரால் முடியும் என்பதே வர்க்கம் பற்றிய வினாதான். அதனை இஞ்ஞாசியாரும் உணர்ந்திருந்தார். அலுவல்களிலிருந்து விடுபட இயலாதோர் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் ஒதுக்கி இதனை மேற்கொள்ளலாம் என்ற ஏற்பாடு நூலின் முகப்புக் குறிப்புகளிலேயே காணப்படுகிறது. முப்பது நாள் எட்டு நாளாகவும், எட்டு மூன்றாகவும் சுருங்கிய கதையின் வித்து அங்கேயே உண்டு.

சுருக்கத்தின் தீர்க்கமான கட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியாகும். வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய மாவட்டங்களில் இயேசு சபையினர் தொழிலாளருக்கெனத் தியான இல்லங்களை அமைத்தனர். 1871இன் பாரிஸ் கொம்யூன் திருச்சபையை உலுக்கியிருந்தது. 1891இல் பதின்மூன்றாம் லியோவின் 'ரேரும் நோவாரும்' வெளிவந்தது. சமதர்ம இயக்கம் தொழிலாளியைச் சங்கத்துக்கு அழைத்த அதே தசாப்தங்களில் திருச்சபை அவனைத் தியான இல்லத்துக்கும் அழைத்தது. 1929இல் பதினோராம் பத்திநாதர் 'மென்ஸ் நோஸ்ட்ரா' என்னும் சுற்றுமடலால் தியானங்களை உலகெங்கும் பரப்புமாறு பணித்தார். இவற்றுக்கிடையிலான தொடர்பு தற்செயலானதன்று.

இவ்வடிவம் கீழ்க்கரைக்கு வந்த வழியும் கவனத்துக்குரியது. திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் தோற்றுவிக்கப்பட்டுப் பிரான்சிய இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலி மறைமாவட்டம் பெல்ஜியரிடம் சென்றது. தொழிலாளர் தியானங்கள் உருவான அதே இரு நாடுகளின் துறவியரே இலங்கையின் இரு துறைமுக நகரங்களுக்கும் வந்து சேர்ந்தனர் என்பது நோக்கற்பாலது. இரண்டாம் உலகப் போரின் பின் திருகோணமலையில் பிரான்சியரின் இடத்தை அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாநிலத்து இயேசு சபையினர் படிப்படியாக ஏற்றனர். 1947இல் அவர்களுள் ஒருவரான இக்னேசியஸ் கிளெனி ஆயரானார்.

அந்த நியூ ஓர்லியன்ஸ் மாநிலத்தவர்தாம் 1931இல் லூசியானாவில் மிசிசிப்பிக் கரையோரம் ஆண்களுக்கென மன்ரேசா தியான இல்லத்தைத் தொடங்கியவர்கள். பேச்சற்ற வார இறுதித் தியானத்துக்கு அது பேர்பெற்றது. அக்கட்டடங்களின் முன்வரலாறு நம்மை அங்கே சற்று நிறுத்துகிறது. 1831இல் நிறுவப்பட்ட ஜெபர்சன் கல்லூரி அது. கரும்புத் தோட்டச் சொந்தக்காரரின் மைந்தர் பயின்ற இடம். சுற்றியிருந்த வயல்களில் உழைத்தோர் அடிமைகள். மேரிலாந்து இயேசு சபையினர் தம் உடைமையாயிருந்த 272 அடிமைகளை 1838இல் விற்றதும் இதே லூசியானாவின் தோட்டங்களுக்குத்தான். அங்கே அடிமைத் தந்தையர் தம் மைந்தரிடமிருந்து பிரித்து விற்கப்பட்டனர். தோட்டச் சொந்தக்காரர் தம் மைந்தருக்குக் கல்லூரி கட்டினர். நூறாண்டின் பின் அதே தூண்களின் நிழலில் ஆண்கள் மௌனமாகத் தியானித்தனர்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். பிரித்தானியருக்கு இத்துறைமுகம் வாணிபத்தினும் போருக்கே பெரிதும் பயன்பட்டது. கடற்படைத் தளமும் அதன் பணிமனைகளும், சீனன்குடாவின் நூறளவிலான எண்ணெய்க் குதங்களும் கூலியுழைப்பை ஈர்த்தன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது உயிரிழந்தோருள் துறைமுகத் தொழிலாளரும் இருந்தனர். மணியடித்தால் உள்ளே, மணியடித்தால் வெளியே என்ற நேர ஒழுங்கும், 'வார இறுதி' என்ற கருத்தும் இந்நகருக்குத் தளத்தோடு வந்தவை. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது தேசியவாதிகளும் இடதுசாரிகளும் அதனை வெற்றியெனக் கொண்டாடினர், அது சரியே. ஆனால் தளத்தை நம்பியிருந்த குடும்பங்களில் தந்தையின் வேலை மகனுக்கு வாய்க்கும் என்ற எதிர்பார்ப்பு அத்துடன் தளர்ந்தது. இதனை நமது அணியினர் போதிய அளவு பேசவில்லை.

மீனவனுக்கோ வார இறுதி என்பதே இல்லை. அவனுடைய பஞ்சாங்கம் நிலவும் காற்றும். வாடைக்காற்றில் கீழ்க்கடல் கொந்தளிக்கும். தென்மேல் பருவத்தில் அமைதியுறும். அப்போது மேற்குக் கரையில் கடல் மூடிக்கொள்வதால் நீர்கொழும்புக் கத்தோலிக்க மீனவர் இங்கு வந்து வாடி அமைப்பர். சீசன் உச்சத்தில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு நண்பகல்வரை கரையில் இருத்தல் என்பது வீட்டு அடுப்பைப் பாதிக்கும் முடிவாகும். ஞாயிறு ஓய்வை மீனவக் கத்தோலிக்கர் போற்றுவர் என்பது உண்மையே. சனி இரவோ தொழிலுக்குரியது. 'வார இறுதி' இயற்கையானதென்று எண்ணுவோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ளல் நன்று. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு பொது விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாளும் அதற்கு முந்திய அரைநாளுமே ஓய்வு. ஒரு சட்டத்தால் வார இறுதி மறைந்தது, இன்னொன்றால் மீண்டது.

தந்தையும் மகனும் தனியே பேசுவதற்கு ஓர் இல்லமும் ஒரு நெறியாளரும் இரு நாட்களும் ஒதுக்க வேண்டும் என்ற தேவை எப்போது எழுகிறது? தந்தை காலையில் அலுவலகமோ ஆலையோ சென்று, மகன் பாடசாலை சென்று, இருவரின் பகல்களும் பிரிந்துபோன குடும்பத்திலேயே எழுகிறது. கரைவலை இழுக்கும் குடும்பத்தில் நிலை வேறு. பதினான்கு வயதில் மகன் அதே கயிற்றைப் பிடிக்கிறான். தந்தையின் கையை அவன் நாள்தோறும் அறிகிறான். தந்தை சம்மாட்டியாரிடம் பங்குக்காகக் காத்து நிற்பதையும் அறிகிறான். பின்னது தந்தையின் அதிகாரத்தை மகன் கண்ணில் குறைக்கும் அறிவு. அங்கே பிளவு பேசாமையால் விளைவதன்று. ஒருவரது தாழ்வை மற்றவர் அளவுக்கு மீறிக் கண்டமையால் விளைவது. நெறியாளர் 'உன் தந்தையிடம் மனந்திற' என்று சொல்லும்போது இவ்வேறுபாடு அவர் கணக்கில் வருகிறதா?

இத்தகைய தியானங்களின் உரைகளில் தவறாது இடம்பெறுவது ஊதாரி மைந்தன் உவமையாகும். இலக்கிய மாணவராகிய நாம் அதனைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். அது சொத்துப் பிரிப்பில் தொடங்குகிறது. தந்தைக்கு நிலமும் கூலியாட்களும் உண்டு. திரும்பி வரும் மகன் கேட்க எண்ணுவது மகன் என்ற உரிமையையன்று. கூலியாள் ஒருவனின் இடத்தையே. மூத்தவன் வயலிலிருந்து வந்து தன் ஊதியமற்ற உழைப்பைச் சொல்லிக் காட்டுகிறான். அவனது முறைப்பாடு விருந்தின் ஓசையில் அமிழ்ந்துபோகிறது. தாய் கதையிலேயே இல்லை. தியான உரைகள் இவற்றையெல்லாம் கடந்து, தழுவிக்கொள்ளும் தந்தையின் கைகளில் மட்டும் நிலைகொள்கின்றன. மகனுக்குப் பிரித்துக்கொடுக்க ஒரு துண்டு வலைகூட இல்லாத தந்தை அவ்வுவமையில் எங்கே நிற்பான்? கூலியாட்களின் வரிசையில்தான்.

தமிழில் இதற்கு மாற்றானதொரு தந்தை மரபு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இயற்றிய 'தேம்பாவணி'யின் தலைவன் சூசையப்பர். தச்சன், வளர்ப்புத் தந்தை. அவரை வளன் என்று பெயரிட்டுக் காப்பிய மரபுக்கிணங்கத் தாவீதின் அரச குலத்து நாயகனாக உயர்த்திய முனிவர், உளியைவிடக் குலத்துக்கே அழுத்தம் தந்தார். 3615 பாடல்கள் கொண்ட பெருநூலில் தொழிலாளியான தந்தைக்கு முழு உருவம் கிட்டவில்லை என்பதே எமது கருத்து. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தபோதுதான் தச்சன் மீண்டான். அதுவும் செங்கொடி நாளுக்குப் போட்டியாக.

மைந்தர்மீது திருச்சபையின் கவனம் கூர்மையடைந்தமைக்கு உள்நாட்டுக் காரணமும் உண்டு. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின், வாரத்தில் ஐந்து நாள் இளைஞரைத் தன் கூரையின்கீழ் வைத்திருந்த திருச்சபை அவர்களைச் சென்றடைய வேறு வழிகளை நாடவேண்டியிருந்தது. இளைஞர் கழகம், தியானம், குடும்ப இயக்கம் ஆகியன அவ்வெற்றிடத்தில் முக்கியத்துவம் பெற்றன. திருச்சபை ஒற்றைக்குரலில் பேசியதென்று கொள்வதும் தவறு. திஸ்ஸ பாலசூரிய 1971இல் தொடங்கிய சமூக சமய நடுநிலையமும், இயேசு சபையினரான போல் கஸ்பெர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்யோதயமும் அகத்தை மட்டும் நோக்கும் பக்தியை உள்ளிருந்தே விமர்சித்தன.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். இடதுசாரி இயக்கம் துறைமுகத் தொழிலாளியைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்தது. அவன் மகனை வாலிபர் சங்கத்துக்கு அழைத்தது. இருவரும் ஒரே அறையில் அமர்ந்து, குடியையும் கடனையும் அடியையும் பற்றிப் பேசும் ஓர் ஏற்பாட்டை அது ஒருபோதும் உருவாக்கவில்லை. குடும்பம் என்பதைப் பிற்போக்கின் கூடாரம் என்று சூத்திரமாக்கிவிட்டுப் பொறுப்பைக் கைகழுவினோம். தியான இல்லத்தில் ஒரு தொழிலாளி, தான் மகனை அடித்தமைக்காக மகனிடமே மன்னிப்புக் கேட்கக்கூடும் என்பதைக் கருத்துநிலை ஆய்வினால் அழித்துவிட முடியாது.

1983இன் பின் வினாவே மாறிற்று. கீழ்க்கரைத் தந்தையர் மைந்தரின் ஒழுக்கத்தையன்று, மைந்தரின் உயிரையே காக்கவேண்டியவராயினர். ஒருபுறம் சுற்றிவளைப்பும் கைதும். மறுபுறம் இயக்கங்களின் ஆட்சேர்ப்பு. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இரு தலைமுறை மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றிய அமெரிக்க இயேசு சபையினர் யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு திரும்பும் வழியில், உடன்சென்ற தமிழ் இளைஞர் ஒருவருடன் காணாமற்போனார். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நீதி கேட்ட தந்தை ஒருவர் அச்சுறுத்தல்களுக்கு உள்ளாகி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2019இல் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டனர்.

ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபில் எஸ்தாக்கியார் கதைக்குத் தனியிடம் உண்டு. அனைத்தையும் இழந்த தந்தை இரு மைந்தருடன் ஆற்றைக் கடக்க முனைகிறான். ஒருவனை அக்கரையில் விட்டு மற்றவனை அழைத்துவரத் திரும்புகையில், நட்டாற்றில் நிற்கும் அவன் கண்முன்னே இரு கரைகளிலும் இரு பிள்ளைகளையும் விலங்குகள் கவ்விச் செல்கின்றன. கதையின்படி அவர்கள் பின்னர் உயிருடன் மீள்கின்றனர்.