படுத்துக்கொண்ட வெள்ளி

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்ப்ரே பெயின்ட்டராக இருந்தவர். அவர் ஆசைப்பட்ட கார் எங்கள் மாவட்டத்திலேயே உருவானது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர், அதுவும் சில்வர் நிறத்தில். வாங்க முடியவில்லை. போன வருடம் டாமியாவின் 1/24 லான்சர் எவல்யூஷன் கிட் ஒன்றை வாங்கினேன். பந்தயக் காருக்கான பின்னிறக்கையை விட்டுவிட்டு, துளைகளைப் புட்டியால் அடைத்தேன்.

நிஜம்போல வரணும்னு நிஜ கார் பெயின்ட்டையே அடித்தேன். காய்ந்ததும் மணல் தூவின மாதிரி இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காரைச் சின்னதாக்கிட்ட. உள்ள இருக்கற அலுமினியத்தைச் சின்னதாக்கலையேடா."

கணக்கு சரிதான். கார் பெயின்ட்டில் மின்னுவது அலுமினியச் செதில்கள். 20 மைக்ரான் செதில் ஒன்று 1/24 மாடலில், நிஜக் கார்மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் செதில் இருப்பதற்குச் சமம். கிட்டத்தட்ட சர்க்கரைப் பரல்!

இந்த மினுக்கின் வரலாறே செதிலின் வரலாறுதான். 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மீன்செதிலின் சாரத்தை எடுத்துப் போலி முத்து செய்தார்கள். ஆரம்பகால மெட்டாலிக் கார் பூச்சுகளிலும் அந்த மீன்செதில் சாரம் இருந்தது. அலுமினியத்தை உலர்வாக இடித்துப் பொடியாக்கினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. 1920களில் அமெரிக்கரான எவரெட் ஹால், திரவத்துக்குள் எஃகுக் குண்டுகளைப் போட்டு அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட நம்ம வீட்டு கிரைண்டர் மாதிரிதான். அலுமினியம் தூளாகாமல் தட்டையான செதிலாக வந்தது. மாடல்களுக்கான சில்வர், அதே செதிலின் இன்னும் நுண்ணிய வடிவம்.

பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிரைமர், அதன்மேல் பளபளப்பான கருப்பு. அடியில் ஒரு கீறல் இருந்தாலும் வெள்ளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஏர்பிரஷ்ஷில் மாடல் சில்வர். அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஈரமா அடிச்சா செதில் நீந்தும். அங்கங்க திட்டுத் திட்டா நிக்கும். மெல்லிசா அடி, காயவிடு, மறுபடி அடி. தானா படுத்துக்கும்."

அவ்வளவுதான் ரகசியம். செதில்கள் படுத்தால்தான் நேராகப் பார்க்கும்போது வெளிச்சமாகவும், சாய்த்தால் இருட்டாகவும் தெரியும். அந்த மாற்றத்தில்தான் கதவின் வளைவு கண்ணுக்குப் படுகிறது. ஐந்து மெல்லிய பூச்சு, கடைசியில் கிளியர்.

அந்த ஆலை வளாகத்தில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அப்பா லான்சரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு கேட்டார்: "நம்பர் பிளேட் போடலையா? டிஎன் 20ன்னு எழுது."