கலெக்டர் தார்னின் நோட்டீசும் நூறு பேரின் நடையும்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஓர் எச்சரிக்கை பரவியது. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் நடந்து வரும் உப்பு சத்தியாகிரகிகளுக்கு யாராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில், அபராதமும் உண்டு என்பது அதன் சாரம். கலெக்டர் ஜே.ஏ. தார்ன், ஐ.சி.எஸ். அதைத் தமிழில் துண்டுப் பிரசுரமாக அச்சடித்தார், பத்திரிகைகளில் போட்டார், ஊர் ஊராகத் தமுக்கும் அடிக்கச் செய்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவு அவர் கையில் இருந்தது. சட்டவிரோதக் கூட்டத்துக்காகத் திரட்டப்பட்டவர்களுக்கு இடம் கொடுப்பது குற்றம் என்று சொல்லும் பிரிவு அது.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நான் இன்று எழுத வந்தது வேறு. ஒரே ஜனங்களைத் தங்கள் பக்கம் இழுக்க இரண்டு தரப்பும் எப்படிப் பேசின, எந்தப் பேச்சு எடுபட்டது, ஏன் எடுபட்டது என்பதைப் பார்க்கலாம்.

நான் காரைக்காலில் பிறந்தவன். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் என் பள்ளியில் பிரெஞ்சு போகவில்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் வாத்தியார் மூன்று கேள்வி கேட்பார். பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? அவரிடமிருந்து என்ன வேண்டும்? அதற்குப் பிறகுதான் அணி, அலங்காரம் எல்லாம். நம் தண்டியலங்காரம் அணிகளை நன்றாக வகைப்படுத்துகிறது. பிரெஞ்சு வாத்தியார் அந்த அணி எதிராளியை என்ன செய்கிறது என்று கேட்பார். (உப்பு வரியைப் பற்றி அங்கே படித்ததுண்டு. அது பிரெஞ்சு ராஜாக்கள் போட்ட கபெல் என்ற வரி. அது புரட்சிக்கு ஒரு காரணம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். நாகப்பட்டினம் தாண்டினால் வருகிற வேதாரண்யத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.)

முதலில் தார்ன் துரையின் எச்சரிக்கை. முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் ஆபீசில் நோட்டீஸ் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இந்த வகை எழுத்து நன்றாகத் தெரியும். அதில் பேசுகிறவர் கண்ணில் படவே மாட்டார். 'இதனால் அறிவிக்கப்படுவது', 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்றுதான் வாக்கியம் போகும். யார் அறிவிக்கிறார், யார் நடவடிக்கை எடுப்பார் என்பது இருக்காது. ஆள் இல்லாத குரலுக்கு ஒரு பயம் உண்டு. அதோடு வாதம் பண்ண முடியாது. இப்படிச் செய்தால் இன்ன தண்டனை என்று நேராக முடிந்துவிடும். வீட்டு வரிக்கும் தண்ணீர்த் தீர்வைக்கும் இந்த நடை போதும், வேலையும் நடக்கும்.

ஆனால் இங்கே கேட்டது வரி அல்ல. நடந்து வருகிறவனுக்குச் சோறு போடாதே என்றது. எந்த ஊரில்? ராமேஸ்வரம் போகிற யாத்ரிகர்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டி வைத்த ஜில்லாவில். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நெல் விளைகிற ஊரில் வாசலில் வந்தவனைப் பட்டினியாக அனுப்புவது அவமானம். ஜெயிலா அவமானமா என்று ஜனங்களை நிறுத்தி வைத்து யோசிக்கச் செய்தது அந்தத் துண்டுப் பிரசுரம்தான். அதுவரை உப்பு வரி தனக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்றிருந்த மிராசுதாரும் யோசிக்க வேண்டியதாயிற்று. காங்கிரஸ்காரர்கள் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தால்கூட இவ்வளவு தூரம் பரவியிருக்காது.

அதைத் தமிழில் எழுதியது துரையாக இருக்க முடியாது. என்னைப் போல ஒரு குமாஸ்தாதான் எழுதியிருக்க வேண்டும். 'சர்க்கார் உப்பைத் தின்கிறோம்' என்று நம் ஆட்கள் சொல்வது வழக்கம். அந்த மனிதர் இந்தக் காகிதத்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எதிர்த் தரப்புக்கு வருவோம். பள்ளியில் லா ஃபோந்தேன் கதைகளை மனப்பாடம் செய்வோம். அதில் ஒன்று: ஏதென்ஸ் நகரத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது. ஒரு பேச்சாளர் கத்துகிறார், இடிமுழக்கம் செய்கிறார், செத்தவர்களைக்கூடப் பேச வைக்கிறார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே பேச்சை மாற்றுகிறார்: 'தானிய தேவதை ஒரு நாள் விலாங்கு மீனோடும் தகைவிலான் குருவியோடும் பிரயாணம் போனாள். வழியில் ஓர் ஆறு. மீன் நீந்திப் போயிற்று, குருவி பறந்து போயிற்று.' அவ்வளவுதான், கூட்டம் முழுக்க, 'தேவதை என்ன செய்தாள்?' என்று கேட்டது.

ராஜாஜிக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது. திருச்சியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை ரயிலிலேயே போயிருக்கலாம். அவர் சுமார் 100 தொண்டர்களோடு ஏறக்குறைய 150 மைல் நடந்தார். புறப்பட்டது ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு. போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28. பதினைந்து நாளும் ஜில்லா முழுக்க ஒரே கேள்வி: இன்றைக்கு எந்த ஊர், யார் சோறு போட்டார், போலீஸ் என்ன செய்தது? திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. மேடையில் பேசியதைவிட இந்த நடை அதிகம் பேசியது என்பேன்.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்காக எழுதிய நடைப்பாட்டு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். முதல் அடியிலேயே முரண் அணி. யுத்தம் வருகிறது என்கிறார். யுத்தத்தில் இருக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை என்கிறார். கேட்கிறவன் இது என்ன புது மாதிரி என்று நின்றுவிடுவான். எதிரியின் பெயரைச் சொல்லி வசவு பாடவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் சேரலாம் என்று கூப்பிடுகிறது. நோட்டீஸ் தண்டனையைக் காட்டியது, பாட்டு இடம் போட்டுக் கொடுத்தது. தாளமும் காலடிக்குச் சரியாக விழும்.

ராஜாஜியின் சிலேடையும் ஒன்று உண்டு. தார்ன் என்றால் ஆங்கிலத்தில் முள். முட்களும் முட்செடிகளும் இந்தச் சுதந்திர வெள்ளத்தைத் தடுத்துவிட முடியாது என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். சிலேடையை விளையாட்டு என்று தள்ளக் கூடாது. கலெக்டர் என்றால் நடுங்கிய காலம் அது. பெயரை வைத்து ஒரு தடவை சிரித்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும்.

ஜனங்கள் செய்தது தெரிந்த கதை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். சோறு போட்டது யார் என்று போலீஸ் மரத்தையா கேட்கும்? ஆனால் எல்லோரும் மரத்தின் பின்னால் ஒளியவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டிலேயே எல்லோருக்கும் விருந்து போட்டு ஜெயிலுக்குப் போனார். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்னம் பிள்ளையின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்த ராஜாஜிக்கும் ஆறு மாதம்.

அந்த ஊரில் வைரப்பன் என்று சவரத் தொழிலாளி ஒருவர். போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று தீர்மானம் பண்ணியிருந்தார். ஒரு நாள் பாதிச் சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிய வந்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவருக்கும் சிறைத்தண்டனை. அவர் பெயரில் வேதாரண்யத்தில் நினைவுத் தூண் இருக்கிறது.

அவ்வளவும் நடந்த பிறகு தார்ன் துரை மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார். அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்குத் தீவிர விசுவாசம் என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை, சப்பைக்கட்டும் கட்டவில்லை. ரிப்போர்ட் என்றால் அப்படி எழுத வேண்டும். எங்கள் ஆபீசில் அந்த மாதிரி ஒன்று மேலே போனதாக எனக்கு நினைவில்லை.