சனிக்கிழமை வாத்திமார்

1983 யூலைக்குப் பின் லண்டன் வந்து சேர்ந்த எம்மவரில் ஆசிரியர்களும் இருந்தனர். ஆசிரியப் பயிற்சிக்கென வந்த மாணவர்களும் இருந்தனர். ஊரில் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் இங்குள்ள வகுப்பறைக் கதவைத் தானாகத் திறந்துவிடவில்லை. பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாத தமிழ் வகுப்பு என்பதே எம்மில் பலரது வாரமாயிற்று.

ரெய்னர்ஸ் லேன் வந்து குடியேறியோரால் ஆன ஊர். 1906இல் வயல்வெளி நடுவே சிறு தரிப்பிடமாகத் திறக்கப்பட்டது அதன் புகையிரத நிலையம். வீடுகள் பெருகியது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலேதான். 1936இல் எழுந்த சினிமாக் கொட்டகை 2000ஆம் ஆண்டிலிருந்து சொராஸ்திரிய சமயத்தவரின் நிலையமாக இருக்கிறது. அந்த வரிசையில் நாமும் வந்து சேர்ந்தோம்.

தமிழ் வகுப்புகள் மொழிப்பற்றால் மட்டும் பிறந்தவை என எண்ணுவது முழு உண்மையல்ல. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1977இல், உறுப்பு நாடுகளுக்கிடையே குடிபெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பதை ஊக்குவிக்குமாறு கட்டளை விடுத்தது. ஆனால் பிரித்தானியாவின் சுவான் குழு அறிக்கை 1985இல் வேறு முடிவுக்கு வந்தது. தாய்மொழியைப் பேணுவது அந்தந்தச் சமூகங்களின் பொறுப்பு. உள்ளூராட்சி அமைப்புகள் பாடசாலைக் கட்டடங்களைக் கொடுத்து உதவலாம் என்றது. கட்டடம் கிடைக்கலாம், சம்பளம் கிடையாது என்பதே அதன் பொருள். எமது தொண்டின் பின்னால் ஓர் அரச கொள்கையும் இருந்தது.

எனினும் அவ்வகுப்புகளில் கற்றவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். 1987 முதல் இந்நாட்டு அரச பாடசாலைகளில் பிரம்படி சட்டப்படி நிறுத்தப்பட்டது. பிரம்போடு வளர்ந்த நாம், "ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காரணம் சொல்லப் பழகினோம். பெற்றோருக்குப் பாடசாலைக் கடிதங்களை வாசித்துச் சொன்னோம். அதன்வழி இங்குள்ள கல்விமுறையின் உள்விதிகளை அறிந்தோம். கல்லூரி விரிவுரைகள் தராத இங்கிலாந்தை அந்தச் சனிக்கிழமைகளே எமக்குக் காட்டின.

ஆகவே தொண்டு என்ற ஒற்றைச் சொல்லால் இவ்வரலாற்றை மூடிவிடலாகாது. அது உழைப்பு, கூலியில்லாத உழைப்பு. அதற்குச் சாட்சி பழைய இடாப்புகளும் கையால் எழுதிய பயிற்சித் தாள்களுமே. வாசகர் வீட்டுப் பரணில் அவை கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். எமது பிள்ளைகள் தமிழ் கற்ற கதையும், நாம் இந்நாட்டைக் கற்ற கதையும் அவற்றில்தான் இருக்கின்றன.