ஆசிரியத் துறவியர்: புதுவை மரியின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையின் தோற்றப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

1844இல் புதுச்சேரியில் தோன்றிய மரியின் மாசற்ற இதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை, பெண்கல்வியை முதல் நோக்கமாகக் கொண்ட தமிழ்ப் பெண்களின் துறவுச் சபையாகும். பெண்கல்வி வரலாற்றில் இச்சபையின் தனித்தன்மை பள்ளிகளைத் திறந்ததில் மட்டுமன்று, தமிழ்ப் பெண்ணை ஆசிரியராக்கியதில் அமைகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெண்கல்வி, துறவுச் சபை, துப்புயி, புதுவை மறைமாநிலம், சாதி.

முன்னுரை

தமிழகத்தில் நவீனப் பெண்கல்வியின் தொடக்கம் 1844இன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியரும் கல்விப் பணியாற்றினர். எனினும், ஊர்ப்புறத்துத் தமிழ்ச் சிறுமிக்கு யார் கற்பிப்பது என்ற வினா தீராமலே நின்றது.

சபையின் தோற்றம்

ஆயர் கிளமான் பொன்னான் தலைமையில் 1844 சனவரி, பிப்ரவரி மாதங்களில் புதுவைச் சங்கம் கூடியது. சுதேசக் குருக்களை உருவாக்குதலும் கல்வியைப் பரப்புதலும் அதன் முதன்மைப் பொருள்கள். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் தந்தை லூயி சவினியன் துப்புயி (1806-1874) இச்சபையை நிறுவினார். பாரிசு அயல்நாட்டு மறைபரப்புக் கழகத்தைச் சேர்ந்த இவர், 1840இல் தொடங்கப்பெற்ற புதுவை மறைபரப்பு அச்சகத்தின் பொறுப்பாளருமாவார். முசே, துப்புயி இருவரின் தமிழ்-பிரெஞ்சு அகராதி இவ்வச்சகத்தின் வழியே வெளிவந்தது. நூலை அச்சிடுபவரே அதனைப் படிக்கும் பெண்களை உருவாக்கவும் முயன்றார் என்பது கருதத்தக்கது.

தடைகளும் தீர்வும்

அக்காலத்தில் எழுத்தறிவு தேவரடியார்க்குரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. ஆண் ஆசிரியரிடம் சிறுமியரை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியரை உருவாக்கலாமெனில் இளமை மணம் குறுக்கிட்டது. திருமணமாகாத பெண் தனித்து வாழ்ந்து ஊதியம் பெறுவதை ஊர் ஏற்காது. மணமும் கைம்மையும் அல்லாத மூன்றாவது நிலையாகிய துறவே இச்சிக்கலை அவிழ்த்தது. நோன்புறுதி பெண்ணுக்கு மதிப்பையும் பாதுகாப்பையும் அளித்தது. கூட்டு வாழ்க்கை அவளை ஓர் ஊரில் தங்கிக் கற்பிக்க வல்லவளாக்கியது.

இவ்வடிவம் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று. சமணக் குரத்தியர் ஆசிரியராக விளங்கியதைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் ஆதித்தன் காலத்து வேடல் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் குறிக்கிறது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூரும் பழைய சமணக் கல்வி மையமே. இவற்றுக்கும் 1844ஆம் ஆண்டுச் சபைக்கும் நேர்த்தொடர்ச்சி இல்லை. ஆயினும் கற்பிக்கும் பெண்துறவி என்ற நிலை மீண்டும் சமூக ஏற்புப் பெற்றது எனலாம். 1748இல் புதுச்சேரியில் தோன்றிய கார்மேல் மடம் அடைப்புத் துறவு சார்ந்தது. அதிலிருந்து இச்சபை வேறுபடும் இடம் பள்ளியே.

சாதியும் எல்லையும்

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியும், ஆங்கில ஆட்சியின் தென்னார்க்காட்டிலிருந்த கடலூர், சிதம்பரம் பகுதிகளும் ஒரே மறைநிர்வாகத்தின்கீழ் இருந்தன. எனவே, அரசியல் எல்லையைக் கடந்து பணியாற்றுதல் மறைப்பணியாளர்க்கு இயல்பாயிற்று. சாதி எல்லை அத்துணை எளிதன்று. புதுவைச் சம்பா கோயிலில் சாதியினரைப் பிரித்த சுவர் பற்றிய பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு 1745இல் பதிவு செய்கிறது. நூறாண்டுக்குப் பின்னும் அச்சிக்கல் திருச்சபைக்குள் ஓயவில்லை. பொதுச் சமையலும் பொதுப் பந்தியும் உடைய துறவு இல்லத்திலும், எல்லாக் குலத்துச் சிறுமியரும் ஒருங்கே அமர வேண்டிய வகுப்பறையிலும் அவ்வினா அன்றாட வினாவாகும். பெண்ணுக்கு எழுத்தைத் திறந்த நிறுவனத்தை அவ்வினாவிலிருந்து விலக்கி மதிப்பிடுதல் முழுமையாகாது.

முடிவுரை

பெண்கல்விக்கு அரசு மானியம் பரிந்துரைத்த உட் அறிக்கை வந்தது 1854இல். சாவித்திரிபாய் பூலே புனேயில் கற்பிக்கத் தொடங்கியது 1848இல். இவற்றுக்கு முன்னரே தமிழ்ப் பெண்கள் தம் மொழியில் கற்பிக்கும் நிலையான அமைப்பாக இச்சபை உருப்பெற்றது. காலப்போக்கில் மருத்துவமும் சமூகப் பணியும் இதனோடு இணைந்தன. சபை வரலாற்றை நிறுவனரின் வரலாறாக மட்டும் எழுதினால், பள்ளிதோறும் எழுத்தறிவித்த பெண்கள் பின்புலமாகிவிடுவர். அவர்களை மையத்தில் நிறுத்தும்போதே இச்சபையின் வரலாறு தமிழ்ப் பெண் ஆசிரியத்தின் வரலாறாகவும் துலங்கும்.