ஆணி கட்டிய மரத்துண்டு

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. தலைப்பு 'கத்தி முனையில் மாடஸ்டி'. பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் செய்யும் ஊரில் அச்சேறிய அந்தக் கதையின் நாயகி ஒரு பெண். இது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த சாகசக்காரர்கள் எல்லாம் ஆண்கள். பெண் என்றால் துப்பறிவாளர் ஜானி நீரோவின் காரியதரிசி ஸ்டெல்லா. கெட்டிக்காரிதான், ஆனாலும் காரியதரிசி. அதே 1984-ல் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு கடை திறந்தது. லயன் ஆசிரியர் எஸ். விஜயன் இருபது வயதைக்கூடத் தொடாத பையன். அவர் முதல் பந்தயத்தை ஒரு பெண்மேல் கட்டினார்.

என் கைக்கு அந்தப் புத்தகம் வந்தபோது அதற்கு அட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் இல்லை. யாரோ யாரிடமோ வாங்கி, கைமாறிக் கைமாறி, முடிவெட்டும் கடைப் பெஞ்சில் வந்து கிடந்தது. தொடக்கம் தெரியாமலே கதையைப் படித்து முடித்தேன். அந்தத் தொடக்கம் சிவகாசியிலும் இல்லை, லண்டனிலும் இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

அது 1942, ஈரானின் வடக்கு. இரண்டாம் உலகப் போர். பீட்டர் ஓ'டானல் என்ற லண்டன்காரர், வயது இருபத்திரண்டு, பிரிட்டிஷ் படையின் தகவல்தொடர்புப் பிரிவில் ஒரு சின்ன ரேடியோ குழுவோடு அங்கே முகாமிட்டிருக்கிறார். ஜெர்மானியருக்குத் தப்பி வடக்கிலிருந்து அகதிகள் தெற்கே வந்தபடி இருக்கிறார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறுமி தனியாக நடந்து வருகிறாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். கூட யாரும் இல்லை. ஒரு சின்ன மூட்டை. கழுத்தில் கயிறு கட்டி ஏதோ தொங்குகிறது. கிட்டே வந்தபின் பார்த்தால், ஒரு மரத்துண்டின் நுனியில் பெரிய ஆணியை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அவளே செய்துகொண்ட ஆயுதம்.

சிப்பாய்கள் கிட்டே போகவில்லை. போனால் ஓடிவிடுவாள் என்று தெரிந்தது. உணவையும் சூடான தேநீரையும் வைத்துவிட்டு விலகினார்கள். அவள் எட்ட உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு, நாம் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். பாத்திரத்தை ஓடைத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள். வழிக்குச் சில உணவு டின்கள் கொடுத்தார்கள். வாங்கி மூட்டையில் வைத்தாள். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், தெற்கே நடந்து போய்விட்டாள். ஒரு குட்டி இளவரசியைப்போல நடந்தாள் என்று ஓ'டானல் பின்னாளில் எழுதினார். பசியில் கையேந்த நேர்ந்தும் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்த அந்த மரியாதைதான் எனக்கு ஆணியைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் பத்திரிகைகளுக்குப் படக்கதை எழுதிப் பிழைத்தார். தினம் மூன்று கட்டம், மூன்றாவது கட்டத்தில் ஒரு கொக்கி, மறுநாள் பேப்பர் வாங்கவைக்க. 'கார்த்' என்ற பலசாலியின் கதை, 'ரோமியோ பிரவுன்' என்ற துப்பறிவாளர் கதை என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆண்களை அடிக்கவிட்டே எழுதியவருக்கு, இதையெல்லாம் ஒரு பெண் செய்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் எந்தப் பெண்? தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் திடீரென்று நாலு பேரைப் புரட்டிப்போட்டால் படிப்பவன் நம்ப மாட்டான். சிறு வயதிலிருந்தே உயிரோடு இருப்பதையே தொழிலாகச் செய்த ஒருத்தியாக இருக்க வேண்டும். இருபது வருஷம் உள்ளே கிடந்த அந்தச் சிறுமி அப்போதுதான் எழுந்து வந்தாள். அவள் வளர்ந்து இருபத்தாறு வயதுப் பெண்ணாகியிருந்தால்?

ஓ'டானல் அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கட்டினார். பெயர்கூட நினைவில்லாத அகதிக் குழந்தை. முகாமில் புடாபெஸ்டைச் சேர்ந்த ஒரு வயதான பேராசிரியரை அடியாட்களிடமிருந்து காப்பாற்றுகிறாள். அவர் அவளுக்கு எழுத்தும் கதைகளும் கற்றுத்தருகிறார், மாடஸ்டி என்று பெயரும் வைக்கிறார். அவர் சொன்ன கதையில் மந்திரவாதி மெர்லினின் குரு பிளைஸ். அந்தப் பெயரைத் தானே எடுத்துச் சேர்த்துக்கொள்கிறாள். பேராசிரியரைப் பாலைவனத்தில் புதைத்துவிட்டு மொராக்கோவின் டான்ஜியர் நகரம் போய், ஒரு கடத்தல் கும்பலுக்குத் தலைவியாகிறாள். போதைப்பொருள் கிடையாது, பெண்களை விற்பது கிடையாது என்று கறாராக நடத்தி, இருபத்தாறு வயதில் பணக்காரியாக ஓய்வுபெற்று லண்டன் வருகிறாள். கதை தொடங்குவது அங்கேதான்.

'டெய்லி எக்ஸ்பிரஸ்' கேட்டு வாங்கிய கதை இது. முன்னாள் குற்றவாளி நாயகியா, குடும்பப் பத்திரிகைக்கு ஒத்துவராது என்று அவர்களே திருப்பிவிட்டார்கள். 'ஈவனிங் ஸ்டாண்டர்ட்' எடுத்துக்கொண்டது. 1963 மே 13 அன்று முதல் துண்டு வந்தது. படம் ஜிம் ஹோல்டவே. 1970-ல் ஒரு கதை பாதியில் நிற்கும்போதே அவர் இறந்துபோக, ஸ்பெயின்காரரான ரொமேரோ தூரிகையை எடுத்தார். சிவகாசித் தாளில் மசங்கி அச்சானபோதும் அந்தக் கறுப்பு மையின் மிடுக்கு போகவில்லை.

ஆணி என்ன ஆயிற்று? அது 'காங்கோ' ஆயிற்று. கைப்பிடிக்குள் அடங்கி, இரண்டு முனையும் முஷ்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மரக்கட்டை. உடம்பின் நரம்புப் புள்ளிகளில் ஒரு தட்டு போதும், ஆள் சுருண்டுவிடுவான். மாடஸ்டி அதைத் தன் கொண்டைக்குள் செருகி வைத்திருப்பாள். துப்பாக்கியும் சுடத் தெரியும். ஆனால் முதலில் கை போவது கொண்டைக்கு. கழுத்துக் கயிற்றில் தொங்கிய மரத்துண்டு கூந்தலுக்கு இடம் மாறியது என்பது என் கணக்கு. நம் பாட்டிமார் பஸ் நெரிசலில் கொண்டை ஊசியை உருவிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆயுதம் அந்நியமாகத் தெரியாது.

சண்டை இருக்கட்டும். இந்தக் கதையை இத்தனை காலம் நடக்கவைத்தது காதல்தான். ஆனால் எந்தக் காதல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடஸ்டிக்குக் காதலர்கள் வருவார்கள், போவார்கள். அவளே தேர்ந்தெடுப்பாள், கண்ணியமாக விடைகொடுப்பாள். கதைக்குள் நிலைத்து நிற்கிறவன் வில்லி கார்வின். சைகோன் சிறையில் எதற்கும் உதவாத ரவுடியாகக் கிடந்தவனை அவள் வெளியே எடுத்து, நம்பி வேலை கொடுத்தாள். அந்த நம்பிக்கைக்கு ஈடுகொடுக்கவே அவன் வேறு ஆளாக மாறினான். கத்தி எறிவதில் சூரன். அவளுக்காகச் சாவான். இருவரும் ஒருமுறைகூடக் காதலர் ஆனதில்லை. அவன் அவளைக் கூப்பிடுவது ஒரே சொல்லில்: 'பிரின்ஸஸ்'. அப்படிக் கூப்பிடும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. சண்டையெல்லாம் முடிந்து எதிரிகள் விழுந்தபின் சிலசமயம் அவள் அழுவாள், வில்லியின் தோளில் சாய்ந்து. அவன் எதுவும் சொல்லமாட்டான். அழுது முடித்ததும் முகம் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்பாள். எத்தனையோ காதல் கதைகளின் முத்தக் காட்சிகளைவிட இந்த இடம் நெருக்கமானது.

சினிமாக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1966-ல் ஜோசப் லோசி இயக்கத்தில் படம் வந்தது. மோனிகா விட்டி மாடஸ்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் வில்லி. ஓ'டானல் எழுதிய திரைக்கதையில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியது என்று அவரே சொன்னார். படத்தில் இருவரும் காதலர்கள் ஆகிறார்கள். போதாததற்கு டூயட் வேறு பாடுகிறார்கள். வீரமான பெண்ணைக் கடைசியில் யாராவது கட்டிப்போட்டாக வேண்டும் என்ற அவசரம் எல்லா ஊரிலும் உண்டு. ஆண்வாடை படாமல் மதுரையை ஆண்ட நம் அல்லியரசாணியை அர்ஜுனன் என்ன செய்தான்? பாம்பாக உருமாறிப் புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டினான். அதையும் காதல் கதை என்றுதான் பெரிய எழுத்துப் புத்தகத்தில் விற்றார்கள்.

ஓ'டானல் செய்த நல்ல காரியம், தன் திரைக்கதையையே நாவலாக்கிப் படம் வருவதற்கு முன் 1965-லேயே வெளியிட்டது. படம் கவிழ்ந்தது, நாவல் நின்றது. மொத்தம் பதினொரு நாவல், இரண்டு சிறுகதைத் தொகுப்பு. 1994-ல் வந்த 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் ஜான் டிரவோல்டா கழிப்பறையில் உட்கார்ந்து படிக்கும் புத்தகம் அந்த முதல் நாவல்தான்.

சிறுகதைகளில் 1972-ல் வந்த முதல் தொகுப்பை நான் ஒருபடி மேலே வைப்பேன். அதில் ஒரு கதையை வில்லியே தன் லண்டன் கொச்சையில் சொல்கிறான். அவன் காதலி ஜேனட், பிரபுக் குடும்பத்துப் பெண், ஒரு காலை இழந்தவள், பண்ணையைத் தானே நடத்துகிறவள். அவளைப் பழைய எதிரி ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். வில்லியின் காதலியை மீட்கும் அந்தச் சண்டையில் மாடஸ்டியும் இறங்குகிறாள். இரண்டு பெண்களுக்கும் நடுவே பொறாமை என்ற ஒரு வரி கிடையாது. மாமூல் கதைக்காரன் அதை வைத்தே பத்துப் பக்கம் ஓட்டியிருப்பான்.

இங்கே சிறுமியின் பாதை இரண்டாகப் பிரிகிறது. 1971-லிருந்து 'மேடலின் பிரென்ட்' என்ற பெண் எழுத்தாளரின் காதல் நாவல்கள் லண்டனில் வர ஆரம்பித்தன. விக்டோரியா காலத்துக் கதைகள். பெரும்பாலானவற்றில் நாயகி அநாதை, எங்கோ தொலைதூரத்தில் தன் சாமர்த்தியத்தில் வளர்ந்தவள். ஒருத்தி சீனாவில் மிஷன் குழந்தைகளின் பசிக்காகத் திருடிப் பிடிபட்டு, மரண தண்டனைக் கைதியைச் சிறையிலேயே மணக்கிறாள். இன்னொருத்தி இமயமலைப் பக்கம் வளர்ந்தவள். அவள் கதையான 'மெர்லின்ஸ் கீப்', 1978-ல் பிரிட்டனின் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் தரும் ஆண்டின் சிறந்த நாவல் பரிசை வாங்கியது. மேடலின் பிரென்ட் யாரென்று வெகுகாலம் வெளியே தெரியாது. அது ஓ'டானல்தான். மனைவி பெயரில் எழுதிய சுஜாதாவைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் பெயரை மாற்றினாலும் அவரால் அந்தச் சிறுமியை மாற்ற முடியவில்லை. தனியாக நடந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கிற பெண்ணைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார். அவளுக்குத் துணை வேண்டும், காவலாள் வேண்டாம்.

தமிழுக்கு வந்தபோது இந்தக் கதையின் உயிர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல். தமிழில் வசன பலூன் எழுத உட்காருகிறவர் முதல் பலூனிலேயே வில்லிக்கு அவள் யார் என்று தீர்மானித்தாக வேண்டும். 'நீ' மட்டும் போட்டால் காதலி ஆகிவிடுவாள், இல்லாவிட்டால் தங்கை. 'நீங்கள்' மட்டும் என்றால் முதலாளி. 'மேடம்' என்றால் ஆபீஸ். 'இளவரசி' என்ற சொல் இத்தனை சிக்கலையும் ஒரே வீச்சில் தீர்த்தது. அதில் மரியாதையும் உண்டு, செல்லமும் உண்டு, எட்டி நிற்கும் தூரமும் உண்டு. லண்டனில் வில்லி ஒருவன் மட்டுமே கூப்பிட்ட பெயரை இங்கே வாசகர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் தமிழ் காமிக்ஸ் ரசிகர்களிடம் 'இளவரசி' என்றால் போதும், யாரென்று கேட்கமாட்டார்கள். வடக்கு ஈரானில் ஒரு சிப்பாய் மனதுக்குள் வைத்த பெயர், சுற்றிவிட்டு அதே பெயராகவே சிவகாசி வந்து சேர்ந்திருக்கிறது.

ஓ'டானல் இவளுக்கு இரண்டு முடிவு எழுதினார். 1996-ல் வந்த கடைசிச் சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையில் மாடஸ்டியும் வில்லியும் சண்டையில் செத்துப்போகிறார்கள். அதைப் படிக்காமல் விட்ட ரசிகர்கள் பலர். எனக்கும் ஒருமுறைக்கு மேல் மனசு வரவில்லை. பேப்பரில் வந்த படக்கதையோ 2001 ஏப்ரல் 11 அன்று, அவருடைய 81-ஆவது பிறந்தநாளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளோடு நின்றது. அதில் யாரும் சாகவில்லை. இருவரும் ஓய்வெடுக்கக் கிளம்புகிறார்கள். அவர் 2010 மே 3 அன்று காலமானார்.

உங்கள் வீட்டுப் பரணில் 1984 ஜூலை லயன் இதழ், அட்டையோடும் முதல் நாலு பக்கத்தோடும் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.