பாதியில் விலகியவர்கள்

டென்னிஸ் முடிவுகளின் பட்டியலில், ஒருவர் காயத்தால் பாதியில் வெளியேறினால் புள்ளிக் கணக்குக்குப் பக்கத்தில் ‘விலகினார்’ என்று பொருள்படும் ஒரு சுருக்கக் குறி மட்டும் இருக்கும். எந்தத் தசை கிழிந்தது, எத்தனை நாளாக வலித்தது, பார்வையாளர்கள் எப்படி வழியனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வராது. விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஓப்பன் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் வரலாற்றை நாம் வென்றவர்களின் பெயர் வழியாகவே படித்துப் பழகிவிட்டோம். அந்தச் சுருக்கக் குறியைப் பிடித்துக்கொண்டு படித்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

என்னை அதற்குள் இழுத்துவிட்டது 2025 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி. முதல் செட்டை டைபிரேக்கரில் ஸ்வெரேவிடம் இழந்த நோவாக் ஜோகோவிச், வலைக்கு அருகே போய்க் கை கொடுத்துவிட்டு விலகினார். காலிறுதியில் அல்கராஸை வென்றபோதே அவருடைய இடது தொடைத் தசையில் காயம். அதே மைதானத்தில் பத்து முறை பட்டம் வென்ற 37 வயது மனிதர் வெளியே நடந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி ‘பூ’ என்று கூச்சலிட்டது. காயத்தால் போகிறவரை இப்படி அவமதிக்காதீர்கள் என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டவர், எதிரே ஆடிய ஸ்வெரேவ். இதே போட்டியில் வயிற்றுத் தசை கிழிந்த நிலையிலும் தொடைத் தசை கிழிந்த நிலையிலும் பட்டம் வென்றவர் இவர் என்றும் அவர் நினைவூட்டினார். 2021, 2023 பட்டங்களைத்தான் சொன்னார். மறுநாள் ஜோகோவிச் தன் தொடையின் எம்.ஆர்.ஐ. படத்தை இணையத்தில் போட்டார், விளையாட்டுக் காய ‘நிபுணர்’களுக்காக என்ற கிண்டலோடு.

24 கிராண்ட் ஸ்லாம் வென்றவரும் எம்.சி. காட்ட வேண்டியிருக்கிறது! அன்று எனக்குத் தோன்றியது இதுதான். இங்கே வேலை பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் திங்கட்கிழமை எம்.சி. போட்டவனுக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்று ஒரு குட்டி விசாரணை நடக்கும். காய்ச்சலோடு வந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்தவனுக்கு ‘நல்ல ஆளு’ என்ற பெயர். அவன் அடுத்த வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தது யார் கணக்கிலும் ஏறாது. பட்டியல்களைப் புரட்டப் புரட்ட, டென்னிஸிலும் இந்தப் பழக்கம் மிகப் பழையது என்று தெரிந்தது.

1921க்குப் போவோம். பிரான்சின் சுசான் லெங்லென் அப்போது ஐரோப்பாவில் தோற்கடிக்க முடியாத வீராங்கனை. போரில் சிதைந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடும் திட்டத்தோடு கப்பலில் அமெரிக்கா வந்தார். உடல்நிலை சரியில்லை, இருமல். ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் அவர் எதிர்கொண்டது நடப்பு வெற்றியாளரான மோலா மல்லோரியை. முதல் செட்டை 2-6 என்று இழந்தார். இரண்டாம் செட் தொடங்கிய உடனேயே, இருமலுக்கு நடுவே, முடியவில்லை என்று விலகினார். கூட்டம் சீறியது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இருமல் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் இதே மல்லோரியை 6-2, 6-0 என்று வென்றார். ஆனாலும் அந்த அமெரிக்கப் போட்டியில் அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். இருமலுக்கு எந்தப் படத்தை எடுத்துக் காட்டுவது?

கூட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விதியே அப்படித்தான் இருந்தது. ஆட்டம் இடையறாது நடக்க வேண்டும், ஒருவர் இழந்த பலத்தை மீட்டுக்கொள்வதற்காக அதை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ கூடாது என்பது டென்னிஸின் பழைய அடிப்படைகளில் ஒன்று. உடல் தாங்குகிறதா என்பதும் பரீட்சையின் ஒரு பகுதி என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. விம்பிள்டனில் பக்கம் மாறும்போது உட்கார நாற்காலி போட்டதே 1975இல்தான். அதுவரை வியர்வையைத் துடைத்துவிட்டு நின்றபடியே அடுத்த பக்கம் போக வேண்டியதுதான்.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பது 1995 அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் தெரிந்தது. ஜப்பானின் ஷூசோ மட்சுவோகா, பெட்ர் கோர்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் தசைப்பிடிப்பு வந்து தரையில் விழுந்தார். கத்தினார். ஆனால் தசைப்பிடிப்பு காயமல்ல, களைப்பின் விளைவு என்பது அன்றைய விளக்கம். சிகிச்சையாளர் தொட்டால் ஆட்டம் போய்விடும். அவர் கிடக்கக் கிடக்க நேரம் கடத்தியதற்கான தண்டனைகள் ஒவ்வொன்றாக ஏறின, கடைசியில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்க்க, துடிக்கிற ஒருவரைச் சுற்றி எல்லோரும் சும்மா நின்றார்கள். அதன் பிறகுதான் விதி இளகியது. இன்று தசைப்பிடிப்புக்குப் பக்கம் மாறும் இடைவேளையில் சிகிச்சை பெறலாம், சிகிச்சையால் சரியாகக்கூடிய காயத்துக்கு மூன்று நிமிட மருத்துவ இடைவேளை உண்டு. வெறும் களைப்புக்கு இன்றைக்கும் இடைவேளை கிடையாது.

இதே வலியைத் தாங்கி ஜெயித்தால் கதை வேறு. 1989 பிரெஞ்சு ஓப்பன் நான்காம் சுற்றில் 17 வயது மைக்கேல் சாங், உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான லெண்டிலிடம் முதல் இரண்டு செட்டை இழந்தார். ஐந்தாம் செட்டில் தசைப்பிடிப்பு. விலகப் போகிறேன் என்று நடுவரிடம் சொல்லவே நடந்தவர், நடுவழியில் மனம் மாறித் திரும்பினார். பிறகு இடுப்புக்குக் கீழிருந்து ஒரு சர்வீஸ் போட்டு லெண்டிலைத் திகைக்கவைத்து, வென்று, பட்டத்தையும் எடுத்தார். 1996 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் பீட் சாம்ப்ராஸ், கொரெட்ஜாவுக்கு எதிரான ஐந்தாம் செட் டைபிரேக்கரில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். பந்தயத்தை வென்றார், பட்டத்தையும் வென்றார். இரண்டும் டென்னிஸின் புராணக் கதைகள். எனக்கும் பிடித்தவைதான். ஆனால் சாங் அன்று நடுவர் வரைக்கும் நடந்து போயிருந்தால்? அதே கால், அதே வலி. அவர் பெயர் லெங்லெனின் வரிசையில் சேர்ந்திருக்கும். துணிச்சல், கோழைத்தனம் என்று நாம் பெயர் வைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகு, முடிவைப் பார்த்து வைக்கிற பெயர்கள்.

பொறியியலில் ‘உலோகச் சோர்வு’ என்று ஒரு பாடம் உண்டு. ஓர் இரும்புத் தண்டு ஒரு டன் எடையைச் சாதாரணமாகத் தாங்கும். அதே தண்டில் அதைவிடக் குறைந்த எடையை லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் ஒருநாள் முறிந்துவிடும். கடைசியாக ஏற்றிய எடை பெரிதே அல்ல. கண்ணுக்குத் தெரியாத விரிசல் எப்போதோ தொடங்கிவிட்டது. உடம்பு உலோகமல்ல, ஓய்வு கொடுத்தால் தானே ஆறும். ஓய்வு இல்லாதபோதுதான் இந்த ஒப்புமை பயமுறுத்துகிறது. 1974 வரை நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்று புல்தரையில் நடந்தன. அமெரிக்க ஓப்பன் 1978இலும் ஆஸ்திரேலிய ஓப்பன் 1988இலும் கடினத் தரைக்கு மாறின. களிமண்ணில் கால் சறுக்கிக்கொண்டே நிற்கும். கடினத் தரையில் சட்டென்று நிற்கிறது, அந்த விசை முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. மரமட்டை போய் கிராஃபைட் வந்தபின் முழு வேகத்தில் வீசினாலும் பந்து கோட்டுக்குள் விழுகிறது. பின்கோட்டிலிருந்து அடித்தடித்து ஆடும் ஆட்டம் நீண்டது.

ஆண்டி மர்ரி இதன் நேரடிச் சாட்சி. 2019 ஜனவரியில், காலுறையும் காலணியும் போடுவதற்கே வலிக்கிறது என்று மெல்பர்னில் அழுதுகொண்டே சொன்னார். அந்த மாதமே லண்டனில் அவருடைய இடுப்பு மூட்டுக்கு உலோக உறை பொருத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மெல்பர்னில், அதே உலோக இடுப்போடு, கோக்கினாகிஸை ஐந்து செட்டில் வென்றபோது மணி அதிகாலை நான்கைத் தாண்டியிருந்தது. ஆட்டம் மட்டும் 5 மணி 45 நிமிடம். பார்த்தவர்கள் சிலிர்த்தோம். விடிகாலை நான்கு மணி வரை ஒரு மனிதரை ஆடவைக்கலாமா என்று கேட்டது மர்ரிதான்.

விதி மாறுவதற்குள் எத்தனை உடம்புகள் தேவைப்பட்டன என்பதும் இந்த வரலாற்றில் உண்டு. 1969 விம்பிள்டனில் 41 வயது பாஞ்சோ கோன்சாலஸ், பாசரெலை வெல்ல இரண்டு நாளில் 112 கேம் ஆடினார். மறு ஆண்டு அமெரிக்க ஓப்பனும் 1971இல் விம்பிள்டனும் டைபிரேக்கரை ஏற்றன, ஐந்தாம் செட்டைத் தவிர்த்துவிட்டு விம்பிள்டன். அந்த விதிவிலக்கின் விலை 2010இல் தெரிந்தது. இஸ்னர், மஹூத் இருவரும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். ஐந்தாம் செட் 70-68. உலகச் சாதனை என்று கொண்டாடினோம். வென்ற இஸ்னர் அடுத்த சுற்றில் 0-6, 3-6, 2-6 என்று சரிந்தது பலருக்கு நினைவில்லை. 2018 அரையிறுதியில் அதே இஸ்னரை ஆண்டர்சன் 26-24 என்று வென்றுவிட்டு, இறுதியில் ஜோகோவிச்சிடம் களைத்துத் தோற்றார். 2019இல்தான் விம்பிள்டன் 12-12இல் டைபிரேக்கர் என்று இறங்கிவந்தது. 2022 முதல் நான்கு போட்டிகளிலும் 6-6இல் பத்துப் புள்ளி டைபிரேக்கர்.

விலகுகிறவர்மீது வரும் சந்தேகம் எப்போதும் ஆதாரமற்றது என்றும் சொல்லமாட்டேன். முதல் சுற்றில் தோற்றாலும் பெருந்தொகை கிடைப்பதால், முடியாத உடம்போடு வந்து சில கேம் ஆடிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். 2017 விம்பிள்டனில் ஒரே நாளில், சென்டர் கோர்ட்டில் அடுத்தடுத்து, ஜோகோவிச்சோடும் ஃபெடரரோடும் ஆடியவர்கள் பாதியில் விலகினார்கள். அவர்கள் பணத்துக்காக வந்தார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் 2018 முதல் விதி மாறியது: போட்டி தொடங்குமுன் காயத்தால் ஒதுங்குகிறவருக்கு முதல் சுற்றுப் பணத்தில் பாதி உண்டு, தகுதியற்ற உடல்நிலையில் வந்து விலகினால் அபராதம். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பனில் மிஷா ஸ்வெரேவுக்கு 45,000 அமெரிக்க டாலர் அபராதம் விழுந்தது. இந்த விதியில் எனக்குப் பிடித்தது தண்டனை அல்ல, அந்தப் பாதிப் பணம். நேர்மையாக ஒதுங்குவதற்கு ஒருவருக்கு வசதி செய்து கொடுத்துவிட்டுத்தான் அவரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியும்.

மிச்சமிருப்பது நம் கண். 2006 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் ஜஸ்டின் ஹெனின் 1-6, 0-2 என்று பின்தங்கியிருந்தபோது வயிற்று வலியால் விலகினார். மோரெஸ்மோவின் முதல் கிராண்ட் ஸ்லாம் தருணத்தையே கெடுத்துவிட்டார் என்று திட்டு விழுந்தது. 2025 விம்பிள்டனில் சின்னருக்கு எதிராக இரண்டு செட் முன்னிலையில் இருந்த திமித்ரோவ், மார்புத் தசையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தொடர்ந்து ஐந்தாவது கிராண்ட் ஸ்லாமில் பாதியில் விலகல். அரங்கமே எழுந்து கைதட்டியது. சின்னர் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். திமித்ரோவுக்குக் கிடைத்த மரியாதை முற்றிலும் நியாயம். ஆனால் அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார், அவர் வலி கண்ணுக்குத் தெரிந்தது. ஹெனினின் வயிறு தெரியவில்லை.

வயிறே தெரியாதென்றால் மனசு? 2021 பிரெஞ்சு ஓப்பனில் நவோமி ஒசாகா செய்தியாளர் சந்திப்புக்கு வர மறுத்ததற்கு 15,000 டாலர் அபராதம், தொடர்ந்தால் தகுதி நீக்கம் என்ற எச்சரிக்கை. 2018 முதல் மனச்சோர்வோடு போராடுவதாகச் சொல்லிவிட்டு விலகினார். பிறகு அவர் ஒரு கட்டுரையில் வைத்த யோசனை மிகச் சின்னது: காரணம் சொல்லாமலே செய்தியாளர் சந்திப்பைத் தவிர்க்க ஆண்டுக்குச் சில நாள் ‘உடம்பு சரியில்லாத விடுப்பு’. எம்.ஆர்.ஐ. படம் கேட்காத விடுப்பு. சாதாரணக் குமாஸ்தாவுக்குச் சட்டத்தில் இருப்பதை உலகச் சாம்பியன் கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது.

நடால் 2022இல் செய்ததைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். இடது பாதத்தில் பல வருட எலும்பு நோய். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகளோடு, காலில் உணர்வே இல்லாமல் ஆடி, பாரிஸில் 14ஆவது பட்டம் வென்றார். மூன்று வாரத்தில் விம்பிள்டன். காலிறுதியில் வயிற்றுத் தசை கிழிந்தது. நிறுத்திவிடு என்று பார்வையாளர் பகுதியிலிருந்து அப்பா சைகை காட்டியும் கேட்காமல் ஃபிரிட்ஸை ஐந்து செட்டில் வென்றார். மறுநாள், அரையிறுதிக்கு முன், விலகுவதாக அறிவித்தார். அந்த ஆண்டின் முதல் இரண்டு கிராண்ட் ஸ்லாமும் அவர் கையில் இருந்தன. இந்தக் காயத்தோடு இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயிக்க முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார், அவ்வளவுதான். பாரிஸில் ஆடிய நடாலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. லண்டனில் நிறுத்திக்கொண்ட நடாலும் அதே ஆள்தான் என்று யாராவது விரிவாக எழுதினால் படிக்க ஆசை.