இணையமின்றி இயங்கும் மென்பொருளாக்கக் கருவிகள்

இணையத்தொடர்பு இல்லாதபோதும் நிரல் எழுதவும், தொகுக்கவும், சோதிக்கவும், பதிப்புகளைப் பேணவும் உதவும் மென்பொருள்கள் இவ்வகையைச் சேரும். தேவையானவை அனைத்தையும் பயனரின் கணினியிலேயே வைத்திருப்பது இவற்றின் அடிப்படை இயல்பு.

பின்னணி

இக்கருவிகள் ஏன் தேவை என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. கண்டியை ஒட்டிய ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. கணினித்துறை மாணவர்கள் பயிலும் இப்பகுதி உட்பட இலங்கையெங்கும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நீண்ட மின்வெட்டு நிலவியது. மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. மின்சாரம் நின்றால் வீட்டு ரவுட்டரும் நின்றுவிடும். மடிக்கணினியின் பற்றரி மட்டும் சிறிது நேரம் தாங்கும். அந்த நேரத்தில் வேலை நடக்குமா என்பது முன்னரே தெரிவுசெய்த கருவிகளைப் பொறுத்தது.

பதிப்பும் தரவும்

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், திட்டத்தின் முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் வைக்கிறது. கமிட் செய்யவும், கிளை பிரிக்கவும், பழைய மாற்றங்களைப் பார்க்கவும் சேவையகம் தேவையில்லை. 'பண்டில்' கட்டளை முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாக்கும். அதைப் பென் டிரைவில் நண்பருக்குக் கொடுத்தாலே போதும். தரவுத்தளத்துக்கு 2000இல் வெளிவந்த எஸ்கியூலைட் ஏற்றது. அதன் தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும்.

சார்புப் பொதிகள்

ஒரு திட்டம் இயங்கத் தேவையான, பிறர் எழுதிய நிரல் பொதிகளே சார்புப் பொதிகள். இவை வழக்கமாக இணையப் பதிவகங்களிலிருந்து வருவதால், பல தடங்கல்கள் இங்கேதான் எழுகின்றன. 2016 மார்ச்சில் 'லெப்ட்-பேட்' என்னும் சில வரிப் பொதி, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் பதிவகத்திலிருந்து நீக்கப்பட்டதும், அதைச் சார்ந்த ஏராளமான திட்டங்களைக் கட்டமைக்க முடியாமற்போனது. பைத்தனில் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் பொதிகளை ஒரு கோப்புறையில் சேர்த்து, பின்னர் அங்கிருந்தே நிறுவலாம். ஜாவா திட்டங்களைக் கட்டமைக்கும் மேவெனிலும் முன்கூட்டியே பதிவிறக்கிவிட்டு ஆஃப்லைன் முறையில் இயக்கும் வசதி உண்டு.

ஆவணங்கள்

விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் ஸீல், மேக்கில் டாஷ் ஆகியவை நிரல்மொழிக் கையேடுகளைக் கணினியில் சேமித்துத் தேடித் தருகின்றன. கிவிக்ஸ் செயலி விக்கிப்பீடியாவையே இணையமின்றி வாசிக்க உதவுகிறது.

தெரிவுசெய்யும் முறை

திறக்கும்போதெல்லாம் கணக்கில் உள்நுழையக் கேட்கும் கருவிகளையும், உலாவியில் மட்டுமே இயங்கும் உரைத் தொகுப்பிகளையும் முழுமையாக நம்பியிருக்கக் கூடாது. விம் போன்ற இலகுவான உரைத் தொகுப்பிகள் பற்றரியையும் மிச்சப்படுத்தும். வைஃபையை நிறுத்திவிட்டு, திட்டத்தைப் புதிய கோப்புறையில் முதலிலிருந்து கட்டமைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எந்த இடத்தில் தடைப்படுகிறதோ, அங்கு தேவைப்படுவதை முதலில் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். சேமித்த பொதிகள் பழசாகும் என்பதால், தொடர்பு கிடைக்கும்போதெல்லாம் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நிறுவுவதும் இம்முறையின் ஒரு பகுதியே.